நாவல் என்ற சொல்

நாவல் என்றால் என்ன என்ற கேள்விக்குத் தமிழ் விமரிசகர்களிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. 'மேல்நாட்டில் நாவல் என்று சொன்னால்...' என்று அந்தப் பதில் ஆரம்பமாகும். அதற்குப் பிறகு வருவது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் பக்கக் கணக்குச் சொல்வார். ஒருவர் பாத்திரங்களின் வளர்ச்சி என்பார். மூன்றாமவர் வாழ்க்கையின் முழுமை என்பார். முடிவு மட்டும் மாறுவதில்லை. தமிழில் வந்திருக்கும் ஏதோ ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து, 'இது நல்ல புத்தகமாக இருக்கலாம். ஆனால் நாவல் அல்ல' என்று தீர்ப்புச் சொல்லி முடிப்பார்கள்.

இந்தத் தீர்ப்பை நான் பலமுறை படித்திருக்கிறேன். என் புத்தகங்களுக்கும் கிடைத்திருக்கிறது. அதனால் வந்த கோபம் இது என்று வாசகர் நினைத்தாலும் பாதகமில்லை. தீர்ப்பு ஒருபுறம் இருக்கட்டும். அதற்குச் சாட்சியாக அழைக்கப்படும் அந்த 'மேல்நாடு' யார் என்பதுதான் என் சந்தேகம். ஐரோப்பாவில் பல மொழிகள் இருக்கின்றன. நாவல் என்ற அதே சிறு சொல் அவற்றில் பலவற்றில் புழங்குகிறது. ஆனால் ஒரு மொழியில் அதற்குள்ள அர்த்தம் அடுத்த மொழியில் இல்லை. அந்த மொழிகளில் எனக்கு ஆங்கிலம் ஒன்றுதான் தெரியும். அதுவும் இரண்டு வருஷத்தோடு கல்லூரியை விட்டவனுக்குத் தெரிகிற அளவு. மற்றவற்றை அகராதிகளையும் மொழிபெயர்ப்புகளையும் வைத்துக்கொண்டு பார்த்தேன். பார்த்த மட்டில், மேல்நாட்டுச் சாட்சி ஏழெட்டுப் பேர். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கிறார்.

சொல்லின் பிறப்பு எளிமையானது. லத்தீனில் 'நோவுஸ்' என்றால் புதியது. நமக்குப் பழக்கமான 'நவ' என்ற வடசொல்லுக்கு அது உடன்பிறப்பு. அதன் செல்ல வடிவம் 'நோவெல்லுஸ்'. இந்தச் சொல் முதலில் கதைக்குப் பெயராக வரவில்லை. 6-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் என்ற சக்கரவர்த்தி ரோமானியச் சட்டங்களை எல்லாம் தொகுத்து முடித்த பிறகும் புதிய சட்டங்களைப் பிறப்பித்துக்கொண்டே இருந்தார். அந்தப் புதுச் சட்டங்களுக்குத்தான் 'நோவெல்லே' என்று பெயர் வழங்கிற்று. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் ஒரு சட்டத் திருத்தத்தை 'நொவெல்லெ' என்றுதான் சொல்கிறார்கள். ஜெர்மானியப் பத்திரிகையில் அந்த வார்த்தையைப் பார்த்தால், பேசுவது கதையைப் பற்றியா, வருமான வரியைப் பற்றியா என்று அடுத்த வரியையும் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கதைக்கு அந்தப் பெயரைத் தந்தவர்கள் இத்தாலியர்கள். இத்தாலிய மொழியில் 'நொவெல்லா' என்றால் சேதி. ஊரில் புதிதாக நடந்த ஒரு விஷயம். 1348-இல் பிளோரன்ஸ் நகரத்தைக் கொள்ளைநோய் சூறையாடியது. அந்த நோய்க்குப் பயந்து ஊருக்கு வெளியே போய்த் தங்கும் ஏழு பெண்களும் மூன்று ஆண்களும் பத்து நாள் கதை சொல்லிக்கொள்வதாகப் பொக்காச்சியோ ஒரு புத்தகம் எழுதினார். அதுதான் 'தெக்கமெரோன்'. அதில் உள்ள 100 கதைகளும் நொவெல்லாக்கள். சில கதைகள் இரண்டு மூன்று பக்கம். பெரியவை என்றாலும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக் கூடியவை. ஆகவே இந்தச் சொல்லின் தாய்வீட்டில் நாவல் என்றால் சின்னக் கதை.

பிரெஞ்சுக்காரர்கள் இதை 'நூவெல்' ஆக்கிக்கொண்டார்கள். ஒருமையில் சொன்னால் சிறுகதை, அல்லது ஒரு சேதி. பன்மையில் சொன்னால் செய்திகள். ஜெர்மானியர்கள் நொவெல்லெயை நடுத்தர நீளமுள்ள, இறுக்கமான, ஒரே சம்பவத்தைச் சுற்றி நிற்கிற கதைக்கு வைத்துக்கொண்டார்கள். கெதே 1828-இல் ஒரு கதை எழுதி, அதற்குத் தலைப்பே 'நொவெல்லெ' என்று வைத்தார். கேட்டறியாத ஒரு சம்பவம்தான் இந்த வடிவத்துக்கு உயிர் என்பது அவர் அபிப்பிராயம். ஹங்கேரியில் 'நொவெல்லா' என்றால் சிறுகதை. போலந்தில் 'நொவெலா' என்றாலும் சிறுகதைதான்.

பைரனீஸ் மலையைத் தாண்டி ஸ்பெயினுக்குள் போனால் அர்த்தம் தலைகீழாக மாறிவிடுகிறது. அங்கே 'நொவேலா' என்றால் இன்று நீண்ட கதை, நாம் நாவல் என்று சொல்கிற அதே வஸ்து. சின்னதாக இருந்தால், 'நொவேலா கோர்த்தா' என்று 'குறு' என்ற அடைமொழியை ஒட்டவைக்க வேண்டும். ஆங்கிலமும் அந்தப் பக்கத்தில் சேர்ந்தது. இத்தாலியிலிருந்து வந்த புதிதில் ஆங்கிலத்திலும் நாவல் என்றால் குட்டிக் கதைதான். 18-ஆம் நூற்றாண்டில்தான் அது நீண்ட கதைக்குப் பெயராக நிலைத்தது.

ஐரோப்பாவின் பெரும்பகுதி நீண்ட கதைக்கு வேறொரு சொல்லை வைத்திருக்கிறது. அது 'ரோமான்'. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ருஷ்ய மொழியிலும் இதுதான் வழக்கு. இத்தாலியன் சிறிது மாற்றி 'ரொமான்ஸோ' என்கிறான். பழைய பிரெஞ்சில் இதற்கு, லத்தீனில் எழுதாமல் ஜனங்கள் பேசுகிற பாஷையில் எழுதியது என்று அர்த்தம். நம் கணக்கில் சொன்னால், சம்ஸ்கிருதத்தில் இல்லாமல் தமிழில் இருப்பது என்பது போல. இந்தச் சொல்லும் போன இடமெல்லாம் வேஷம் மாற்றிக்கொண்டது. ஆங்கிலத்தில் 'ரொமான்ஸ்' என்றால் வீரதீரக் கதை, அல்லது காதல். ஸ்பெயினில் 'ரொமான்ஸே' என்றால் கதைப் பாட்டு. பக்கத்து வீடான போர்ச்சுகலில் அதே சொல்லுக்கு நாவல் என்று பொருள். ருஷ்யாவில் ஒருவருக்கு 'ரமான்' இருக்கிறது என்று சொன்னால், அவர் நாவல் எழுதுகிறார் என்றும் கொள்ளலாம், யாரோ ஒரு பெண்ணோடு அவருக்குத் தொடர்பு என்றும் கொள்ளலாம்.

பெயர்தான் இப்படி என்றால், பெரிய எழுத்தாளர்கள் அந்தப் பெயருக்குக் கொடுத்த மரியாதையைப் பாருங்கள். புஷ்கின் முழுக்க முழுக்கச் செய்யுளில் எழுதிய 'யெவ்கேனி ஒனேகின்' என்ற நூலை நாவல் என்று அழைத்தார். கோகோல் உரைநடையில் எழுதிய 'இறந்த ஆன்மாக்கள்' 1842-இல் வெளிவந்தபோது, அதைக் காவியம் என்று சொல்லி அட்டையிலேயே போட்டார். டால்ஸ்டாய் 'போரும் அமைதியும்' என்ற தம் புத்தகம் நாவல் அல்ல என்று 1868-இல் கட்டுரையே எழுதினார். உலகத்தின் மிகச் சிறந்த நாவல் எது என்று கேட்டால் பலரும் முதலில் சொல்லுகிற புத்தகம் அது!

ஆகவே, 'மேல்நாட்டில் நாவல் என்று சொன்னால்' என்று யாராவது ஆரம்பித்தால், 'எந்த மேல்நாட்டில்?' என்று கேட்பது நியாயம் என்று எனக்குப் படுகிறது. அவர் பெரும்பாலும் இங்கிலாந்தைத்தான் மனத்தில் வைத்திருப்பார். அதிலும் 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தை. நம்மை ஆண்டவர்கள் அவர்கள் என்பதாலும், பள்ளிக்கூடத்தில் டிக்கன்ஸைப் படித்தோம் என்பதாலும் அந்த ஒரு நாடு நமக்கு மேல்நாடு முழுவதுமாகிவிட்டது.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று வாசகர் நினைக்க வேண்டாம். இதனால் நஷ்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள். முதல் ஆசாமி மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

அவர் எழுதிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் அச்சானது. தமிழின் முதல் நாவல் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே 'ஆனாலும் சரியான நாவல் என்று சொல்ல முடியாது' என்று அதை உட்கார வைத்துவிடுவது நம் இலக்கிய சரித்திரக்காரர்களின் வழக்கம். காரணம், அதிலே கதைக்குள் கதை வருகிறது, துணுக்குகள் வருகின்றன, உபதேசம் வருகிறது, பிரதாபனும் ஞானாம்பாளும் நடுவழியில் நிற்க, வேறு யாரோ ஒருவருடைய கதை பல பக்கங்களுக்கு ஓடுகிறது. மேல்நாட்டு நாவலில் இப்படி வராது என்கிறார்கள்.

மேல்நாட்டு நாவலின் பிதாமகன் என்று யாரைச் சொல்கிறார்கள்? ஸெர்வாண்டிஸை. அவருடைய 'டான் க்விக்ஸோட்' முதல் பாகம் 1605-இல் வெளிவந்தது. அதிலே ஒரு சத்திரம் வருகிறது. எப்போதோ வந்து தங்கிய யாரோ ஒருவர் மறந்து விட்டுப்போன பெட்டியிலிருந்து ஒரு கையெழுத்துப் பிரதியை எடுத்து, ஊர்ப் பாதிரியார் எல்லோருக்கும் படித்துக் காட்டுகிறார். நண்பனை விட்டுத் தன் மனைவியைச் சோதிக்கச் சொல்லும் ஒரு முட்டாள் கணவனின் கதை அது. டான் க்விக்ஸோட்டுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. அவர் அப்போது உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறார். கதை உச்சத்தில் இருக்கும்போது, தூக்கத்திலேயே எழுந்து, அரக்கன் என்று நினைத்துத் திராட்சை மது நிரம்பிய தோல் பைகளை வாளால் குத்திக் கிழிக்கிறார். பாதிரியார் படிப்பதை நிறுத்திவிட்டு ஓடுகிறார். அமளி அடங்கிய பிறகு திரும்பி வந்து மிச்சத்தைப் படித்து முடிக்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்த இடையில் வரும் சின்னக் கதையைத்தான் ஸெர்வாண்டிஸ் நொவேலா என்கிறார். அந்தக் காலத்தில் ஸ்பெயினிலும் இத்தாலிய அர்த்தம்தான். 1613-இல் அவர் வெளியிட்ட 12 கதைகளின் தொகுதிக்கும் அந்தப் பெயரையே வைத்தார். அப்படியானால் டான் க்விக்ஸோட் என்ற பெரிய புத்தகத்தை அவர் என்ன பெயரிட்டு அழைத்தார்? 'இஸ்தோரியா' என்று அழைத்தார். தமிழில் சொன்னால் சரித்திரம்.

இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. 1615-இல் இரண்டாம் பாகம் வந்தபோது, அதிலே ஒரு பாத்திரம் டான் க்விக்ஸோட்டிடமே வந்து, 'உங்கள் சரித்திரத்தைப் படித்தவர்கள் ஒரு குறை சொல்கிறார்கள்; சம்பந்தமில்லாமல் ஒரு நொவேலாவை நடுவில் செருகியிருக்கிறதாம்' என்ற கருத்துப்படப் பேசுகிறது. வேதநாயகம் பிள்ளைமீது நாம் சொல்லிக்கொண்டிருக்கும் குற்றச்சாட்டு அப்போதே பழையது. ஸெர்வாண்டிஸ் அந்தக் குற்றச்சாட்டையும் புத்தகத்துக்குள்ளேயே சேர்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அவருடைய நாட்டார் அதற்காக அவரை வரிசையிலிருந்து தள்ளிவிடவில்லை.

பெயரையும் பாருங்கள். பிரதாப முதலியார் சரித்திரம்; ராஜமய்யர் 1893-லிருந்து 'விவேகசிந்தாமணி'யில் எழுதிய 'கமலாம்பாள் சரித்திரம்'; மாதவையா 1898-இல் வெளியிட்ட 'பத்மாவதி சரித்திரம்'; இலங்கையில் 1885-இல் சித்திலெப்பை எழுதிய 'அசன்பே சரித்திரம்'. தெலுங்கிலே வீரேசலிங்கம் பந்துலு 1878-இல் எழுதியதும் 'ராஜசேகர சரித்திரம்'தான். இவர்களுக்கு வேறு பெயர் தெரியாமல் இப்படி வைத்தார்கள் என்று நினைக்க இடமில்லை. எல்லோரும் ஆங்கிலம் படித்தவர்கள் அல்லது அறிந்தவர்கள். ஆங்கிலத்தில் பீல்டிங் 1749-இல் எழுதிய புத்தகத்தின் முழுப் பெயரே 'டாம் ஜோன்ஸ் என்ற அனாதைப் பிள்ளையின் சரித்திரம்'. ரிச்சர்ட்ஸனின் 'கிளாரிஸா'வும் ஒரு இளம் பெண்ணின் சரித்திரம் என்றுதான் வந்தது. ராஜாக்களுக்கு மட்டும் இருந்த சரித்திரம் ஒரு அனாதைப் பிள்ளைக்கும், ஒரு முதலியார் வீட்டுப் பையனுக்கும், சிறுகுளம் கிராமத்துக் கமலாம்பாளுக்கும் உண்டு என்று அந்தப் பெயர் சொல்கிறது. இதைவிடத் தைரியமான பெயர் நாவலுக்குக் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. பிற்பாடு நாம் அதைக் கைவிட்டு, சரித்திரத்தை மறுபடி ராஜாக்களிடமே ஒப்படைத்துவிட்டோம். 'சரித்திர நாவல்' என்றால் இன்று உறையூரும் தஞ்சாவூரும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

இனி நம் நாட்டுச் சகோதர மொழிகளுக்கு வருவோம். இதற்கு நான் வெகுதூரம் போகத் தேவையில்லை. நான் குடியிருக்கும் முத்தாபுதுப்பேட்டை ஆவடிக்குப் பக்கம். விமானப்படை நிலையம் இங்கே இருப்பதால் இந்தியாவின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தவர்கள் எங்களுக்கு அண்டை வீட்டார். ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. ஒரு மார்கழி மாதத்தில் எங்கள் தெருக்கோடிக் கோயில் சுவரில், மாலை ஆறு மணிக்குத் திருப்பாவை உபந்நியாசம் என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்த வடக்கத்தி நண்பர் ஒருவர் என்னிடம் வந்தார்.

"கோயில்லே நாவல் படிக்கிறாங்களாமே சார், யார் எழுதினது? உங்களோடதா?" என்றார்.

இந்தியில் உபந்யாஸ் என்றால் நாவல். பக்கத்தில் நின்ற கோட்டயத்துப் பள்ளி ஆசிரியை சிரித்துவிட்டார். "நாவலா? எங்க ஊர்லே உபந்யாசம்னா பிள்ளைங்க பரீட்சையிலே எழுதறது. பசுவைப் பத்தி ஒரு உபந்யாசம் எழுதுன்னு நானே எத்தனை வருஷம் சொல்லியிருக்கேன்!" என்றார். மலையாளத்தில் அது கட்டுரை. மைசூர்க்காரர் ஒருவர் தம் மருமகள் கல்லூரியில் உபந்யாசகியாக இருப்பதாகச் சொன்னார். திருப்பாவையா சொல்கிறாள் என்று கேட்டுவிட வேண்டாம். அந்த அம்மாள் ரசாயனம் கற்பிக்கிறாள். கன்னடத்திலும் தெலுங்கிலும் உபந்யாசம் என்றால் எந்தச் சொற்பொழிவும் ஆகும்.

நால்வரும் சொல்வது சரிதான். 'உபந்யாஸ' என்ற வடசொல்லுக்கு அருகே கொண்டுவந்து வைப்பது, முன்வைப்பது என்று பொருள். கடவுளின் கதையை முன்வைத்தால் நமக்கு உபந்நியாசம். பசுவைப் பற்றிய விஷயத்தை முன்வைத்தால் மலையாளிக்கு. ரசாயனத்தை முன்வைத்தால் கன்னடத்தாருக்கு. பக்கிம் சந்திரர் 1865-இல் 'துர்கேசநந்தினி'யை எழுதிய வங்காளத்திலும், பிரேம்சந்த் 1936-இல் 'கோதான்' எழுதிய இந்தியிலும் வாழ்க்கையை முன்வைப்பது என்று ஆயிற்று.

மராட்டியரும் கன்னடத்தாரும் இன்னும் சுவாரசியமான காரியம் செய்தார்கள். நாவலுக்கு அவர்கள் வைத்த பெயர் 'காதம்பரி'. 7-ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் எழுதிய வடமொழி உரைநடைக் காவியத்தின் கதாநாயகி பெயர் அது. ஒரு கதாநாயகியின் பெயர் ஒரு இலக்கிய வகைக்கே பெயராகிவிட்டது. நாம் நாவல்களை எல்லாம் 'கமலாம்பாள்' என்று அழைக்க ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? 'இந்த வருஷம் எத்தனை கமலாம்பாள் எழுதினீர்கள்?' என்று என்னிடம் கேட்பார்கள். குஜராத்தியர் ஆங்கிலச் சொல்லையும் வடசொல்லையும் ஒரே முடிச்சில் கட்டி 'நவலகதா' என்றார்கள். தெலுங்கில் 'நவல'. மலையாளத்தில், 1889-இல் 'இந்துலேகா'வை எழுதிய சந்து மேனவன் ஆங்கிலச் சொல்லையே அப்படியே எடுத்துக்கொண்டார்.

தமிழிலும் 'நாவல்' என்று எடுத்துக்கொண்டோம். ஔவையார் கதையில் வரும் நாவல் மரத்துக்கும், வாதப்போரில் வென்றவர்கள் எழுப்பிய 'நாவலோ நாவல்' என்ற முழக்கத்துக்கும் ஏற்கெனவே சொந்தமாக இருந்த சொல் அது. இரவல் சொல் வந்து சொந்தச் சொல்லின் வீட்டிலேயே குடியேறியதால் யாருக்கும் அந்நியமாகத் தோன்றவில்லை. பிறகு தனித்தமிழ் ஆர்வலர்கள் 'புதினம்' என்று ஒரு சொல்லைக் கொண்டுவந்தார்கள். கல்லூரிப் பாடப் புத்தகங்களில் அது நிலைத்தது; கதை படிக்கிறவர்களின் வாயில் அவ்வளவாக ஏறவில்லை. அகராதிச் சொல், உயிரற்ற மொழிபெயர்ப்பு என்று அதைப் பரிகாசம் செய்தவர்களும் உண்டு.

ஆனால் யாழ்ப்பாணத்தாரிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே புதினம் என்பது வீட்டுப் புழக்கத்தில் உள்ள சொல். இருவர் தெருவில் சந்தித்தால் 'என்ன புதினம்?' என்று கேட்பார்கள். என்ன சேதி, ஊரில் என்ன விசேஷம் என்று அர்த்தம். இத்தாலியனின் நொவெல்லாவுக்கும் பிரெஞ்சுக்காரனின் நூவெல்லுக்கும் உள்ள இரட்டை அர்த்தம், சேதியும் கதையும், அப்படியே நம் சொல்லிலும் இருக்கிறது. ஐரோப்பாவின் பல மொழிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டுப் பேசினாலும், அந்தச் சொல்லின் வேரில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது இந்த 'சேதி' என்ற ஒரு பொருள்தான். அது எப்படியோ யாழ்ப்பாணத்துத் தெருவில் பத்திரமாக இருக்கிறது. சென்னையில் நாம் அதைத் தொலைத்துவிட்டோம்.

தொலைத்த இடத்தில் எதை வைத்தோம் என்று கேட்டால், பக்கத்தை வைத்தோம். இன்று தமிழ்ப் பதிப்புலகத்தில் நாவல் என்பது ஒரு நீட்டலளவை. பத்துப் பக்கம் சிறுகதை. எண்பது பக்கம் குறுநாவல். அதற்கு மேல் நாவல். ஆயிரத்தைத் தாண்டினால் மகாநாவல். 1980களில் கடைகளில் தொங்கிய மாத நாவல்களும் இந்த அளவுக்குள் அடங்கியவைதான். பஸ் பிரயாணத்துக்கு இத்தனை பக்கம் என்று அவற்றுக்கு ஒரு கணக்கு. அவற்றை நான் இழிவாகச் சொல்லவில்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்த லட்சக்கணக்கானவர்களைப் படிக்க வைத்தவை அவை. ஆனால் நாவல் என்ற சொல் அதன்பின் தையற்காரர் கையில் உள்ள நாடா போலாகிவிட்டது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பதிப்பகத்தாரிடம் நான் ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தேன். புத்தகமானால் 110 பக்கம் வரலாம். அவர் படித்தார், பிடித்திருக்கிறது என்றும் சொன்னார். பிறகு, "குறுநாவல்னா கடையிலே நகராது சார். நாவல்னு போட இது பத்தாது. இன்னும் ஒரு நூறு பக்கம் சேர்த்துக் கொடுங்களேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு பிளாஷ்பேக் வைக்கலாமே?" என்றார். அந்தப் பெண் தன் பழைய கதையை யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் நான் எழுதிய கதை. அவளைப் பேச வைத்தால் புத்தகம் நாவலாகிவிடும், கதை செத்துவிடும். நான் பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். நான் வேறு உத்தியோகத்தில் சம்பாதிக்கிறவன். அதனால் வாங்கிக்கொள்ள முடிந்தது. எழுத்தை மட்டும் நம்பியிருக்கும் இளைஞன் நூறு பக்கம் சேர்த்துத்தான் கொடுப்பான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. அப்படிச் சேர்த்துக் கெட்ட புத்தகங்களை அலமாரியிலே பார்த்தாலே எனக்கு அடையாளம் தெரியும், நடுவிலே உப்பியிருக்கும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. கைக்கு அடக்கமான புத்தகம். குழாயில் தண்ணீர் வராத ஒரு சென்னைத் தெரு, குடத்தோடு அலையும் ஜமுனா, அவள் தங்கை சாயா, இவ்வளவுதான். ஜெர்மானியன் கையில் கொடுத்தால் நொவெல்லெ என்பான். ருஷ்யன் 'போவெஸ்த்' என்பான். நம் வாசகர்கள் மாஸ்கோ வெளியீடாகப் படித்து உருகிய ஐத்மாத்தவின் 'ஜமீலா'வை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நாம் தண்ணீரை நாவல் என்கிறோம். எப்படிச் சொன்னாலும் அந்தப் புத்தகத்துக்கு நூறு பக்கம் சேர்க்க வேண்டும் என்று எந்த வாசகனுக்கும் தோன்றாது.

வாசகர் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். மேல்நாட்டு இலக்கணம் வேண்டாம், பக்கக் கணக்கும் வேண்டாம் என்றால், எதை வேண்டுமானாலும் நாவல் என்று அட்டையில் போட்டுவிடலாமா? நல்லது கெட்டதைச் சொல்ல விமரிசகனுக்கு என்னதான் மிஞ்சும்?

அந்தச் சொல்லின் வேரே மிஞ்சும் என்பது என் பதில். இந்தப் புத்தகம் எனக்கு என்ன சேதி கொண்டுவந்தது? வேறு எங்கும் எனக்குக் கிடைத்திருக்க முடியாத சேதியா அது? பத்திரிகையில் வரும் சேதி நாளைக்குப் பழசாகிவிடும். நாவல் கொண்டுவரும் சேதி மனிதர்களுக்கு உள்ளே நடந்த விஷயம். நூறு வருஷம் கழித்துப் படித்தாலும் அப்போதுதான் நடந்தது போல இருக்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பழைய தீர்ப்புகள் பல மாறும்.

பிரதாப முதலியார் சரித்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஞானாம்பாள் ஆண் வேஷத்தில் விக்கிரமபுரிக்கு ராஜாவாகி நீதி செலுத்துகிறாள். கணவனைவிட அவள் புத்திசாலி என்பதைக் கணவனே சிரித்துக்கொண்டு எழுதுகிறான். முன்சீப்பாக இருந்து எத்தனையோ குடும்ப வழக்குகளைக் கேட்ட ஒருவர் 1879-இல் தமிழருக்குச் சொன்ன சேதி அது. அந்த இடங்களில் புத்தகம் இன்றும் உயிரோடு இருக்கிறது. நீதிபோதனை நீளுகிற இடங்களில் சேதி ஒன்றும் இல்லை. நமக்கு முன்பே தெரிந்ததைத்தான் அவர் திரும்பச் சொல்கிறார். அந்தப் பகுதிகள் செத்துப்போனதற்குக் காரணம் அதுதான்; நாவல் இலக்கணத்தை மீறியது காரணம் அல்ல.

கமலாம்பாள் சரித்திரத்திலும் இப்படியே. ஒரு கிராமத்தின் வம்புப் பேச்சு ஒரு நல்ல குடும்பத்தை எப்படி அரித்துத் தின்கிறது என்பதை ராஜமய்யருக்கு முன் யாரும் தமிழில் காட்டவில்லை. பிற்பகுதியில் கதை வேதாந்தத்தில் போய் முடிகிறது. வேதாந்தம் வந்ததனால் அது நாவல் இல்லை என்பவர்களோடு எனக்குச் சம்மதம் இல்லை. டால்ஸ்டாயிடம் இல்லாத உபதேசமா? முத்துஸ்வாமி அய்யரின் துக்கம் உண்மையாக இருக்கும் வரை அந்த வேதாந்தமும் உண்மையாகத்தான் இருக்கிறது. 26 வயதில் செத்துப்போன ஒருவர் எழுதியது என்பதை நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது.

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976-இல் வந்தது. அதிலே கதாநாயகன் இல்லை. கிழவி சொன்ன கதை, ஊரார் பட்டப்பெயர்கள், காட்டை அழித்து ஊரை உண்டாக்கிய விவரம் என்று ஓடுகிறது. ஆங்கில அளவுகோலை வைத்தால் இதுவும் நாவல் அல்ல. பொக்காச்சியோ பார்த்தால் தன் பிள்ளை என்று கட்டிக்கொள்வார். 1981-இல் சுந்தர ராமசாமி 'ஜே.ஜே: சில குறிப்புகள்' எழுதியபோது, தலைப்பிலேயே குறிப்புகள் என்று போட்டுவிட்டார். இது நாவலா, கட்டுரையா என்று அன்று பெரிய விவாதம். மலையாளத்தார் பார்வையில் 'உபந்யாசம்' என்று சொல்லியிருந்தால் இரண்டு கட்சிக்கும் சமாதானமாகியிருக்கும்! விவாதம் ஓய்ந்துவிட்டது, தமிழில் எழுதுகிறவனின் மனச்சாட்சியைப் பற்றி அந்தப் புத்தகம் கொண்டுவந்த சேதி இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. பாத்திர வளர்ச்சி, காலப் பின்னணி, நான்கு தலைமுறை, எண்ணூறு பக்கம் என்று எல்லா இலக்கணமும் பொருந்தி, புதிதாக ஒரு விஷயமும் சொல்லாத புத்தகங்கள் வருஷந்தோறும் வருகின்றன. அவற்றின் பெயர்களைச் சொல்லி நான் யாரையும் நோகடிக்க விரும்பவில்லை. வாசகர்களுக்கே தெரியும். கல்யாண வீட்டில் எல்லாப் பதார்த்தமும் பரிமாறி, ஒன்றிலும் உப்பில்லாமல் இருப்பது போன்றது அது.

நாவல் என்ற சொல்லை விட்டுவிட்டுப் புதினம் என்று மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நானே அட்டையில் நாவல் என்றுதான் போட்டுக்கொள்கிறேன். பழகிய சொல், வாய்க்கு இதமாக இருக்கிறது. ஆனால் புதினம் என்ற சொல்லை யாழ்ப்பாணத்து அர்த்தத்தோடு மனத்தில் வைத்துக்கொள்வது விமரிசகர்களுக்கும் வாசகர்களுக்கும் நல்லது. ஒரு புதிய புத்தகம் கைக்கு வந்ததும், இது நாவலா, குறுநாவலா, மேல்நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று ஆராய்வதைச் சற்று ஒத்திவையுங்கள். வீட்டுக்கு வந்த மனிதரை வாசலில் நிறுத்தி, என்ன ஜாதி, எவ்வளவு உயரம் என்று விசாரிப்பது மரியாதை ஆகாது. உள்ளே அழைத்து உட்கார வைத்து, 'என்ன புதினம்?' என்று கேளுங்கள். சொல்ல அவரிடம் ஏதாவது இருந்தால், பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.